சுவரோரம் மூன்றாவது கல்லறை

ஜனவரி 11, சனி

காலையில் லேசான பனி. எட்டரைக்கே வெயில் சுள்ளென்று. மாடியில் போட்ட பெட்ஷீட் இரண்டும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன.

ஜெரால்டு கோயம்புத்தூரிலிருந்து போன். அடுத்த சனிக்கிழமை வருகிறான், மெர்சியையும் கூட்டிக்கொண்டு. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜோடியாக ஊர்ப் பயணம். பிப்ரவரியில் தாலி கட்டப்போகிறவனிடம் இனி என்ன சொல்ல. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டதாம். முதல் பத்திரிகையை அப்பா கல்லறையில் வைத்து, ஜெபம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். "அதானம்மா நம்ம ஊரு மொற?" என்கிறான். ஊரை அவன் மொத்தமாக நாலைந்து தடவை பார்த்திருப்பான். படித்தது, விளையாடியது, சண்டை போட்டது எல்லாம் இந்தத் திருவனந்தபுரத்தில், மலையாளத்தில். முறை மட்டும் திருநெல்வேலி. இருந்தாலும் மனதுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாகாக நாளைக்குப் பழைய மாதா கோயிலில் ஓபன் டே. ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லா மதத்தாரும் வரலாம், மணிக்கூண்டு, பீடத்துக்குப் பின்கட்டு, கல்லறைத் தோட்டம் எல்லாம் திறந்திருக்கும். எனக்கு மணிக்கூண்டு வேண்டாம். கல்லறைத் தோட்டத்தை யாராவது செத்தாலோ, நவம்பரில் கல்லறைத் திருநாளை ஒட்டி இரண்டு நாளோதான் திறப்பார்கள். நாளைக்கே போய்ப் புல்லைச் செத்தி வைத்துவிடலாம். மருமகள் முதல் தடவை மாமனாரைப் பார்க்க வருகிறாள், காடு மாதிரி கிடக்கக் கூடாது.

எடுத்துப்போக: அரிவாள் (துணியில் சுற்றி), பழைய பிரஷ், ஒரு குப்பித் தண்ணீர், மெழுகுவத்தி. ஐந்தாம் வகுப்பு விடைத்தாள் பாதி பாக்கி. அது கிடக்கட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

வழக்கமாகப் போகும் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து நேராக அங்கே. நல்ல கூட்டம். வாசலில் குருத்தோலைத் தோரணம், எலுமிச்சை ஜூஸ். ரிட்டயர் ஆன வங்கி மேனேஜர் ஒருவர் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்தார். உத்திரம் எந்த மரம், மணி எந்தக் கப்பலில் வந்தது, எல்லாம் மனப்பாடம். ஸ்ரீவராகத்திலிருந்து வந்த ஒரு மாமி வீட்டுக்காரரிடம், "செருப்பு கழட்ட வேண்டாமாம். நேக்கு என்னமோ மாதிரி இருக்கு." கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே சுற்றினாள். சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

கோயிலுக்கு இப்போது வேறு நிறம். மஞ்சளும் காப்பிப்பொடி நிறமும். என் வீட்டுக்காரர் இருந்தவரை வெள்ளை மட்டும்தான். பெயிண்டர் அருளப்பன் என்றால் இந்தப் பங்கில் எல்லாருக்கும் தெரியும். பெருநாளுக்கு முன்னால் சாரம் கட்டி ஏறிவிடுவார். டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போனபோது, அந்தப் பழக்கத்துக்காகத்தான் அப்போதிருந்த ஃபாதர் இங்கே இடம் கொடுத்தார். மற்றபடி நாங்கள் இந்தப் பங்கு இல்லை, எங்களுக்கு வேறு கோயில்.

கல்லறைத் தோட்டம். சுவரோரம் ஏழைகள் வரிசை, பளிங்கெல்லாம் கிடையாது, மண்மேடுதான். கோயிலில் கொடுக்கும் மரச்சிலுவை இரண்டு மழைக்குத் தாங்காது. அவருடையது எப்போதோ போய்விட்டது. எனக்கு அடையாளம், பின்சுவரிலிருந்து மூன்றாவது. கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்.

மூன்றாவதில் ஒரு இரும்புச் சிலுவை. புத்தம் புதிது, கறுப்புப் பெயிண்ட், அதில் வெள்ளையாக மலையாள எழுத்து: ஜோபி. பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி குத்தவைத்துப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். இடம் மாறி நட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

"சேச்சி, இது எங்க வீட்டுக்காரர் கல்லற. ஒங்க சிலுவய எடுங்க."

நிமிர்ந்து பார்த்தாள். "எந்தா? இது என்றெ மோனா. என்றெ ஜோபி."

"மூணாவது எங்களுது. பத்து வருசமா நான் வாறேன்."

"மூணாமத்தெ தன்னெ. ஞானல்லே குழியில மண்ணு இட்டது?"

இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. சிலுவையில் கை வைத்து ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஓடிப்போய்க் கப்பியாரைக் கூட்டிவந்தார்கள். மணி அடிப்பதும் குழி வெட்டுவதும் லாரன்ஸ் கப்பியார்தான். அவர் கையிலிருந்த ஜூஸைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு பேரும் சரிதான் டீச்சரே. மூணாவதுல மொதல்ல டீச்சரோட ஆளு. பின்னெ இவருடெ மோன்."

"பின்னன்னா?"

"மண்ணுல ஒராளக் குறச்சு வருஷம்தான் வெப்போம். ஸ்தலம் இல்லல்லோ. அது கழிஞ்சா தோண்டி, உள்ளத எடுத்து அஸ்திக்குழியில இடும். எல்லாருக்கும் அப்படித்தான். டீச்சர் அறிஞ்சில்லே?"

அறியவில்லை. எங்கள் ஊரில் புதைத்தால் புதைத்ததுதான். பூட்டன் கிடக்கும் இடத்துக்குக்கூட இன்றைக்கும் சுண்ணாம்பு அடிக்கிறோம். இங்கே வேறு மாதிரி இருக்குமோ என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கல்லறைக்குத் தவணை உண்டா என்று புருஷனைப் புதைத்த அன்றைக்கு எவள் கேட்பாள்?

அதற்குள் மைக் மாட்டிய மேனேஜர் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். தோட்டத்து மூலையில் ஒரு சிமென்ட் மேடை, இரும்பு மூடி, பூட்டு. "இதாணு நம்முடெ அஸ்திக்குழி. இவிடெ ராஜாவும் இல்ல, கூலிக்காரனும் இல்ல. எல்லாரும் ஒண்ணு!" கை தட்டினார்கள். இரண்டு பெண்கள் மேடையில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அதற்குள்தான் கிடக்கிறார்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் பள்ளிக்கூடம் விட்டுச் சாயங்காலம் நான் போகும்போது மேட்டில் பூ கிடக்கும். அவருடைய பழைய கூட்டாளி யாரோ காலையிலேயே வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்திருந்தேன். மனுஷனை நினைக்க என்னை விட்டால் இன்னொரு ஆளும் இருக்கிறதே என்று பெருமை வேறு. இவள் வைத்த பூ. இவள் மகனுக்கு.

அவளும் அதையேதான் யோசித்திருக்கிறாள் போல. "அப்போ மெழுகுதிரி?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மெழுகுதிரி எரிஞ்ச மிச்சம். பிற்றேன்னு காலத்து வரும்போ ஞான் காணும். எல்லாக் கொல்லமும் காணும்." மறுநாள் காலையில், வருஷா வருஷம் பார்ப்பாளாம்.

"நான்தான்" என்றேன்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஜோபிக்கு ஒரு பெண்ணோடு பழக்கமாம். பைக் விபத்தில் அவன் போனதும் அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவள்தான் வீட்டுக்குத் தெரியாமல் வருஷத்துக்கு ஒரு தரம் வந்து ஏற்றிவிட்டுப் போகிறாள் என்று இந்தத் தாய் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். "அவள் மறந்நில்லென்னு ஞான் விசாரிச்சு" என்றாள். அந்தப் பெண் மறக்கவில்லை என்று நினைத்தாளாம். சத்தமில்லாமல் அழுதாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பெயர் பிலோமினா. வீட்டு வேலைக்குப் போகிறாள். சிலுவை கிறிஸ்துமஸுக்குச் செய்து வைத்ததாம்.

மெழுகுவத்தியை ஏற்றாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

வெயில். தலைவலி. ஹெச்.எம். "டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். ப்ரஷர் என்றேன்.

சாயங்காலம் போய்ப் பங்கு ஃபாதரைப் பார்த்தேன். சின்ன வயசு. உட்கார வைத்து டீ கொடுத்தார். தோண்டும் முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் விளித்துச் சொல்வது வழக்கமாம், அப்போதும் சொல்லியிருப்பார்களாம். சொல்லியிருப்பார்கள். மலையாளப் பூசையில். அந்த மூன்று ஞாயிறும் நான் அடுத்த கோயிலில் தமிழில் பாடிக்கொண்டிருந்திருப்பேன்.

"ஆத்மாவல்லே டீச்சர் முக்கியம்" என்றார். ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு நானும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி நாளில் ஆண்டவர் எலும்பு எலும்பாகப் பிரித்தெடுத்து எழுப்புவார், அவருக்குத் தெரியாதா. எனக்கு அல்லவா தெரியாது. அந்த ஃபாதர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவ்வளவு நல்ல மனுஷனை என்ன சொல்ல. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜெ. மெசேஜ்: "அப்பா கல்லறைக்கு மாலை வாங்கவா, பூ மட்டும் போதுமா?" பதில் போடவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லீவு. கரமனைத் தெரு முழுக்கக் கோலம், நெய் வாசனை. கீழ்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். "கல்யாண வீடு, இப்படி இருண்டு கெடக்கே டீச்சர்!" என்றாள். அவள் போனதும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏலக்காய் நிறையப் போட்டிருந்தாள்.

போனை மூன்று தடவை எடுத்தேன். எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்தேன். "மக்கா, அப்பா அங்க இல்ல." பைத்தியம் பிடித்துவிட்டது என்பான். "மக்கா, இத்தன வருசமும் நாம வேற யாருக்கோ ஜெபம் சொல்லியிருக்கோம்." இதைச் சொல்ல நாக்கு வரவில்லை. காலேஜ் சேர்ந்த அன்று, வேலை கிடைத்த அன்று, இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்ற அன்று, எல்லாவற்றுக்கும் கம்பி கேட்டுக்கு வெளியே நின்றாவது அந்த மூலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். அவன் சின்ன வயதில் அப்பாவோடு அதிகம் பேசியதில்லை. செத்த பிறகுதான் பேச ஆரம்பித்தான்.

அவர் மேலும் கோபம் வருகிறது. இருந்த காலத்தில் எத்தனை வாடகை வீடு. சாமானைக் கட்டு, அவிழ். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே. செத்த பிறகாவது ஒரு இடத்தில் இருப்பார் என்று நினைத்தேன். பாவி மனுஷன், அங்கேயும் காலி பண்ணிக்கொடுத்திருக்கிறார்.

எழுதிவிட்டேன். அடிக்க மனசில்லை.

மதியம் சாப்பிடவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தேன், இரண்டாவது மணிக்கு மேல் ஓடவில்லை. மாதாவே, எனக்கு உன்னிடம் கேட்கவும் ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. விடைத்தாள் முடித்தேன். ஒரு பயல் "திருவனந்தபுரத்தின் சிறப்பு" என்ற கட்டுரையில் "இங்கே எனக்கு மாமா இருக்கிறார்" என்று ஒரே வரி எழுதியிருக்கிறான். பாதி மார்க்.

பள்ளிக்கூடம் விடும்போது கேட்டில் பிலோமினா. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். லாரன்ஸ் கப்பியார் சொன்னாராம். வேலைக்குப் போன வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள், கையில் சோப்பு வாசனை. பஸ் ஸ்டாப்பில் நின்று பேசினோம். அவளுக்குத் தமிழ் புரியும், எனக்கு மலையாளம் புரியும். ஜெ. வரப்போவதை ஞாயிற்றுக்கிழமை நானே அழுகையோடு அவளிடம் உளறியிருந்தேன்.

"மோனோட பறஞ்ஞோ?"

"இல்ல."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, "பறயண்டா. சனியாழ்ச்ச ஞான் ஆ குரிசு எடுத்து மாற்றாம். ஒரு மணிக்கூர். நிங்ஙள் பிரார்த்திச்சிட்டு போ. பின்னெ ஞான் வெச்சோளாம்."

மகனிடம் சொல்ல வேண்டாமாம்; சனிக்கிழமை கப்பியாரிடம் கேட்டுக் கேட்டைத் திறக்க வைத்து, ஒரு மணி நேரம் சிலுவையைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறாளாம். பெற்ற பிள்ளையின் பெயரை. எனக்காக. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. "ரொம்ப உபகாரம் சேச்சி" என்றேன். சொல்லும்போதே உடம்பெல்லாம் லேசானது, அதற்காக என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ் வந்தது. அவளுக்கு வேறு பஸ்.

ஜெ.க்குப் பதில் போட்டேன்: பூ மட்டும் போதும்.

ஜனவரி 18, சனி

காலையில் ரயில் அரை மணி நேரம் தாமதம். மெர்சி நல்ல பெண். வந்ததும் சமையல் கட்டுக்குள் புகுந்து, "அத்த, நான் தேங்கா துருவுறேன்" என்றாள். இடியாப்பம், முட்டைக்கறி. ஜெ. மெலிந்திருக்கிறான். சட்டைப் பையில் பத்திரிகை. எடுத்துக் காட்டினான். "காலஞ்சென்ற திரு. அருளப்பன்" என்று பெரிய எழுத்தில்.

பத்தரைக்குப் போனோம். கப்பியார் கேட்டைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். மூன்றாவதில் வெறும் மண். சிலுவை இருந்த இடத்தில் பிலோமினா ஈரமண்ணைத் தட்டிச் சமமாக்கியிருந்தாள். பூ எதுவும் இல்லை, ஒரு இதழ்கூட. கேட்டுக்கு வெளியே, மதிலை ஒட்டி நின்றிருந்தாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. பைக்கு மேலே இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் முந்தானையைப் போட்டிருந்தாள்.

ஜெ. முழங்காலில் நின்றான். மெர்சியும். பத்திரிகையை வைத்தான், பூ வைத்தான். "பரலோகத்தில் இருக்கிற" ஜெபம் சொன்னோம். எனக்கு வாய் அசைந்தது, அவ்வளவுதான். பிறகு அவன் மட்டும், "அப்பா, இவதான் மெர்சி" என்றான். மூக்கை உறிஞ்சினான். முடிந்துவிட்டது, கிளம்பிவிடலாம் என்று நான் நினைத்தேன்.

அப்போது மெர்சியிடம் கை நீட்டினான். அவள் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா எடுத்துக் கொடுத்தாள். ஜெ. விரலால் மண்ணைக் கெல்லி அதில் போட ஆரம்பித்தான்.

"என்ன மக்கா பண்ணுத?"

"கோயம்புத்தூர் வீட்டுல அப்பா படத்துக்குக் கீழ வைக்கம்மா. புது வீட்டுக்கு அப்பாவயும் கூட்டிட்டுப் போறோம்."

கேட்டுப் பக்கம் ஒரு சத்தம். அழுகை இல்லை, மூச்சு தடுக்கிய மாதிரி. திரும்பிப் பார்த்தேன். பிலோமினா பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு எட்டு உள்ளே வந்து நின்றுவிட்டாள். சிலுவையை எடுத்து மாற்றுகிறேன் என்றுதான் சொன்னாள். மண்ணை எடுக்கச் சொல்லவில்லையே.

"எடுக்காத" என்றேன். "ஏல, எடுக்காத. அது அப்பா இல்ல."

அங்கேயே நின்று சொன்னேன். எல்லாவற்றையும். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆறு நாளாக வராத வார்த்தை கடகடவென்று வந்தது. மெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெ. டப்பாவைக் கையில் பிடித்தபடி முழங்காலிலேயே இருந்தான். "அப்போ அப்பா எங்க?" என்றான்.

கூட்டிப்போய்க் காட்டினேன். இரும்பு மூடி, பூட்டு. அவன் பூட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"எத்தன பேரும்மா உள்ள?"

கேட் பக்கம் நின்ற கப்பியாரைக் கூப்பிட்டுக் கேட்டான். "அறியில்லா மோனே. பண்டு தொட்டே இடுந்நதல்லே" என்றார். எந்தக் காலத்திலிருந்தோ போடுகிறார்களாம்.

பத்திரிகையை அங்கே வைப்பான் என்று பார்த்தேன். வைக்கவில்லை. திரும்பிப் போய், டப்பாவிலிருந்த மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டினான். விரலில் ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டான். பூவை எடுக்கவில்லை, பத்திரிகையை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு பிலோமினாவிடம் போய் இரண்டு கையையும் நீட்டினான். அவள் முதலில் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தாள்.

ஒரு கல்லைத் தேடி எடுத்து அவனே சிலுவையை அடித்து இறக்கினான். "சேச்சி, நேரேயாணோ?" என்று கேட்டான். "நேரேயா மோனே" என்றாள். ஜோபி நிற்கிறான். ஜோபிக்கும் சில வருஷம்தான். அவளுக்கு அது முன்னமே தெரியும், ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் அந்த மலையாளப் பூசையில் இருக்கிறவள். தெரிந்தே சிலுவை செய்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். "மீன் நல்லாருக்கு அத்த" என்றாள் மெர்சி, பாவம். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நான் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. மூடிக்கு முன்னால் நின்று யாரைப் பார்த்து என்ன சொல்ல. இத்தனை வருஷமாக எனக்கென்று போவதற்கு அந்த ஓர் இடம் இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பிள்ளைகள் மறைக்கல்விக்கு வந்து காத்திருந்திருப்பார்கள்.

அவர்கள் நாளைக்குத்தான் கிளம்புவதாக இருந்தது. ஜெ. இன்றைக்கு இரவு பஸ்ஸுக்கே டிக்கெட் போட்டுவிட்டான், ஆபீஸில் வேலை இருக்கிறதாம். தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் வரை ஆட்டோவில் கூடப் போனேன். வழியெல்லாம் மண்டபம், சாப்பாட்டு எண்ணிக்கை, மைத்துனர் சட்டை அளவு என்று நானே பேசிக்கொண்டு வந்தேன். ம், ம் என்றான். மெர்சி ஏறும் முன்னால் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அவன் பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்தான். பக்கத்தில் நின்றான். டிரைவர் ஹார்ன் அடித்தார்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்மா" என்றான்.

ஏறிப்போய் உட்கார்ந்தான். மெர்சிதான் கை காட்டினாள்.